மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டியவன்

786

எருக்கலம்பிட்டி, மன்னார்
1928ம் வருஷம் டிசம்பர் மாதம் 2ந் திகதி

பதுளையில் இருக்கும் அருமை மகள் சரீபாவுக்கு உன் வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காத்ததில் நானும் உம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், அந்த மலைக் குளிரில் நீயும் மருமகன் வஸீரும் பிள்ளைகள் இருவரும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தைப் பிரித்ததும் இது யாருடைய எழுத்தென்று திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். என் எழுத்துத்தான் மகள். பெருவிரல் அடையாளம் வைத்துவிட்டுச் சிறைக்குப் போனவன் எழுதத் தெரிந்து திரும்பியிருக்கிறேன். உள்ளே என்னோடு கயிறு திரித்த செல்வநாயகம் என்ற யாழ்ப்பாணத்து வாத்தியார், வேறொருவருடைய கையெழுத்தைப் போட்டதற்காக வந்த மனிதர், தும்புக் குவியலுக்குப் பின்னால் மணலைப் பரப்பி ஈர்க்கினால் எழுதிக் காட்டி இரண்டு வருஷமாக எனக்குப் படிப்பித்தார். அதனால் என் எழுத்து கொஞ்சம் வாத்தியார் போல விறைப்பாக நிற்கும், யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே. இந்த வீட்டிலிருந்து இதுவரை உனக்கு வந்த கடிதம் எல்லாம் என் தம்பி மஹ்மூது சாச்சா எழுதியவை. இதை அவன் எழுதவில்லை, அவனுக்கு நான் வாசித்துக் காட்டப் போவதும் இல்லை. இதில் உன் நிக்காஹ்வைப் பற்றி ஒரு காரியம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, வீட்டுச் செய்திகளைச் சொல்லிக்கொண்டே அதற்கு வருகிறேன், நீ பதறாமல் பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு வாசி.

உம்மாவுக்கு மழையோடு முழங்கால் நோவு கூடியிருக்கிறது. எண்ணெய் பூசுகிறாள், பூசிய காலோடு நேரே கிணற்றடிக்குப் போய் ஈரத்தில் நிற்கிறாள், சொன்னால் கேட்கிற ஆளா அவள். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து வளவுக் கிணற்றில் உவர் குறைந்துவிட்டது, தேநீர் தேநீராக இருக்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. உன் தங்கை ஸுஹறாவின் நிக்காஹ் நல்லபடி முடிந்து இன்றைக்குப் பதினொரு நாள், சாச்சா தந்தி அடித்தது உனக்குக் கிடைத்திருக்கும். நீ பிள்ளை பெற்று நாற்பது கழியாததால் வர முடியாமல் போனது எல்லோருக்கும் மனக்குறைதான். பந்தலுக்குக் கட்டிய ஓலைத் தோரணத்தை எல்லாம் கழுதைகள் வந்து மென்றுவிட்டன, ஊர்க் கழுதை ஒன்றுகூட மிச்சமில்லாமல் கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனது என்று உம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

மகள், நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் இந்த ஏழு மாதமும் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன். மே மாதம் நான் மன்னார் ஸ்டேஷனில் இறங்கியபோது மஹ்மூது குடையும் புதுச் சாரமும் கொண்டுவந்து நின்றான். என் மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்தால், உங்களுடைய கதிரை காக்கா இது என்று அண்ணனாகிய என்னை உட்கார்த்தினான், அந்தக் கதிரையின் பிரம்பு அவனுடைய உடம்புக்குத்தான் பள்ளம் விழுந்திருந்தது. பதினொரு வயதில் நான் விட்டுப்போன ஸுஹறா என்னைக் கண்டதும் தலையை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனாள், படலையில் சாச்சாவின் இருமல் கேட்டால் தேநீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள். மீன் ஆணத்தில் புளி தூக்கலாக இருக்கிறதே என்று உம்மாவிடம் சொன்னேன். "மஹ்மூது தம்பிக்கு இப்பிடித்தான் வேணும், கைக்குப் பழகிப் போச்சு" என்றாள். அவன் வீடும் இதே வளவில் இருக்கிறது, அவனுக்குப் பெண்சாதி இருக்கிறாள், அங்கே ஆணம் இல்லையா என்று நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேலாக என் வீட்டு அடுப்பு எரிந்தது அவன் பிடித்த மீனில் என்று எனக்குத் தெரியாதா.

உன் கடிதங்கள் அவன் பெயருக்குத்தான் வருகின்றன. அவன் முற்றத்தில் நின்று உரக்க வாசிப்பான், நாங்கள் சுற்றி இருந்து கேட்போம். ஆவணியில் நீ எழுதிய கடிதத்தை அவன் போன பிறகு நான் எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். சாச்சா என்று பதினான்கு இடத்தில் இருந்தது. வாப்பாவுக்கும் சலாம் சொல்லவும் என்று ஓரிடத்தில் இருந்தது, அதுவும் ஆடு சினையா என்று விசாரித்த பிறகு. உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நான் போகும்போது உனக்குப் பதினாறு வயது, பிறகு உனக்கு யார் இருந்தார்கள். மூத்தவனுக்கு அவன் அனுப்பிய பனங்கொட்டை வண்டியைப் பிள்ளை கையை விட்டு இறக்குவதில்லை என்று எழுதியிருந்தாய். நான் தேக்குத் துண்டில் ஒரு வண்டி செய்து வைத்திருக்கிறேன், அச்சும் கடையாணியும் வைத்தது, தள்ளிவிட்டால் இந்த முற்றத்துக் கோடிவரை போகிறது. பனங்கொட்டை வண்டியை எறி என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளை எதை எடுக்கிறான் என்று பார்த்து எழுது. மஹ்மூது ஒரு மோசக்காரனாக இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. அவனிடம் ஒரு குறையும் அகப்படவில்லை, அதுதான் என்னைத் தின்றது.

வேலை கிடைத்த கதையையும் கேள். கரைவலை வளைப்பது யார் முறை என்ற சண்டையில் அடுத்த மீன்வாடிக்காரனின் கையில் நான் கத்தி போட்டது ஊர் முழுக்க அறிந்தது. அந்த மனிதன் இன்றைக்கும் ஒரு கையால்தான் சாரத்தை முடிகிறான், அதைக் கண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே எந்த வாடியிலும் என்னைச் சேர்க்கவில்லை, சேர்க்காததில் நியாயம் இருக்கிறது. தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை தூக்கப் போனேன். இவ்வளவு நாளும் எங்கே வேலை செய்தாய் என்று மேஸ்திரி கேட்டார். பொய் சொல்லாமல் சொன்னேன். நாளைக்கு வா என்றார், நான்கு நாளைக்கும் போய் வந்தேன். அப்போதுதான் தோட்டவெளித் தச்சு ஓடாவி தோமஸ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கடைசி ஒரு வருஷம் என்னைச் சிறையில் தச்சுப் பட்டறையில் போட்டிருந்தார்கள், பொருத்து வெட்டுவதில் என் கை பிசகாது. மடுத் திருவிழாவுக்குப் போகும் வண்டிகளுக்கு அச்சு மாற்றும் வேலை அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது. முதல் நாளே என் வேலையைத் தடவிப் பார்த்துவிட்டு நாளைக்கும் வாங்கோ என்றார், இந்த நாளை உண்மையான நாளையாக இருந்தது. நானே என் கையால் தேடிக்கொண்ட வேலை என்று மூன்று மாதம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். ஒரு நாள் அவருடைய பெண்சாதி பிரான்சிஸ்கா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்கட தம்பி தங்கமான மனிசன், உங்களுக்காக எங்கட வீட்டுக்கு மூண்டு தரம் வந்து நிண்டவர்" என்றாள். அன்றைக்குச் சீவுளியால் என் பெருவிரலையே சீவிக்கொண்டேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். விடவில்லை, மரத்தின் மேல் எனக்கு என்ன கோபம்.

இப்படி எல்லாவற்றிலும் அவன் எனக்கு முன்னால் போய் நிற்க, ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு மிச்சம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஸுஹறாவை முசலியில் வயல் செய்கிற சனூனுக்குப் பேசி முடித்தார்கள், பேசி முடித்ததும் மஹ்மூதுதான், பையன் நல்ல பையன், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவன். ஆனால் நம் மார்க்கத்தில் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கிற வலிகாரர் அவளுடைய வாப்பாதான். வாப்பா உயிரோடு இருக்க வேறு ஒருவர் கொடுப்பதென்றால், எனக்காக இதைச் செய் என்று வாப்பா வாயாலோ எழுத்தாலோ வக்காலத்துக் கொடுத்திருக்க வேண்டும். நிக்காஹ் ஓதும் பாயில் மாப்பிள்ளைக்கு எதிரே நான்தான் உட்கார வேண்டும், எந்த மஹ்மூதும் வர முடியாது. இதை நினைத்து நினைத்துப் பட்டறையில் வாளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என் மகள் ஸுஹறாவை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்லிப் பார்ப்பேன். தோமஸ் கண்டுவிட்டு, "மாப்பிள்ளைட கையை இப்பிடி நெரிச்சா அவன் எழும்பி ஓடிப் போவான்" என்று பகிடி பண்ணுவார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று தந்தியில் வந்திருக்காது. பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்திருக்கும் கத்தீபு லெப்பை பாயில் உட்கார்ந்தார், உன் நிக்காஹ்வை நடத்திய பழைய கத்தீபு மௌத்தாகி இரண்டு வருஷம். மாப்பிள்ளையைக் கொண்டுவந்து இருத்தினார்கள். "வலிகாரர் வாங்கோ" என்று லெப்பை கூப்பிட்டார். சபையில் இருந்த அத்தனை கண்ணும் மஹ்மூதின் பக்கம் திரும்பியது. யாரோ அவன் முதுகில் தட்டி எழுப்பியும் விட்டார்கள். உனக்கும், பிறகு தன்னுடைய இரண்டு பெண்களுக்கும் அவனே உட்கார்ந்து பழகியவன், பழக்கத்தில் எழுந்து போய் உட்கார்ந்து சனூனின் கையைப் பிடித்துவிட்டான். நான் அவனுக்கு இரண்டு முழம் பின்னால் இருக்கிறேன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. மகள், நான் வாயைத் திறக்கவில்லை. ஓதி முடியட்டும், சாப்பாடும் முடியட்டும், பிறகு எழுந்து நின்று, பெற்றவன் இங்கே இருக்க இது செல்லாது என்று சபையில் சொல்கிறேன், அவன் முகம் கறுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை பட்டுடுத்தி இருக்கிறாள், அவளுடைய நிக்காஹ் கெட்டுப் போனாலும் பரவாயில்லை, தம்பி சபையில் தலைகுனிய வேண்டும் என்று நினைத்த வாப்பா நான். இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம். எழுதாவிட்டால் இனி வரப்போவது உனக்கு விளங்காது.

லெப்பை குத்பாவை முடித்துச் சொற்களைச் சொல்லிக் கொடுத்தார். ‘என்’ என்று தொடங்கிய மஹ்மூதுக்கு ‘மகள்’ என்ற சொல் வரவில்லை. பிறகு சுட்டுக்கொண்டவன் மாதிரி மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டுத் திரும்பி, "காக்கா, நான் மறந்து போனன், என்ன செய்யப் பார்த்தன், வாங்கோ காக்கா" என்று எல்லோரும் கேட்கச் சொல்லி எழுந்து எனக்கு இடம் விட்டான். நான் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கபூல் செய்தேன் என்று சனூன் ஏற்றுக்கொண்டான். ஏழு மாதமாகக் காத்திருந்த இடம், ஆனால் என் கை சில்லிட்டிருந்தது, மாப்பிள்ளையின் கைதான் சூடாக இருந்தது. ஆமீன் சொல்லி முடிந்து எல்லோரும் கை கொடுத்து முஸாபஹா செய்துகொண்டிருக்கும்போது லெப்பை சிரித்துக்கொண்டே மஹ்மூதிடம், மூத்த பிள்ளைக்கும் நீங்கள்தான் வலிகாரராக இருந்தீர்களாமே, அதற்கு வாப்பாவிடமிருந்து வக்காலத்து வந்ததுதானே என்று கேட்டார். "ஓம் லெப்பை, கடிதம் வந்தது" என்றான் மஹ்மூது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். லெப்பையும் என்னைப் பார்த்தார். நானும் ஓம் என்றேன்.

மகள், நான் அப்படி ஒரு கடிதமும் அனுப்பவில்லை. இதுதான் அந்தக் காரியம். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே, முழுவதையும் வாசி.

சாப்பாட்டுக்கு எங்கள் இருவரையும் ஒரே சஹன் தட்டில் சேர்ந்து சாப்பிட இருத்தினார்கள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. சஹன்களைக் கழுவுகிற நேரம் கிணற்றடியில் அவனைப் பிடித்தேன். எந்தக் கடிதமடா வந்தது என்று கேட்டேன். நான் சிறையில் இருந்ததால் பழைய கத்தீபே பொறுப்பெடுத்துக் கொடுத்திருப்பார் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். அவன் அழுதுவிட்டான். மறிச்சுக்கட்டியில் முத்துக் குளிக்கும் சலாபம் நடந்த அந்த வருஷம் வஸீர் வீட்டார் அங்கே தேநீர்க் கடை போட்டிருந்ததும், அங்கேதான் உன்னைப் பேசியதும் உனக்கே தெரியும். நோன்புக்கு முன் நிக்காஹ் முடியாவிட்டால் பதுளைக்குத் திரும்புகிறோம், வேறு இடம் பார்க்கிறோம் என்று அவர்கள் தவணை வைத்திருக்கிறார்கள். "உங்களுக்கு எழுதிப் போட்டிட்டு ஒவ்வொரு நாளும் தபால் கந்தோருக்குப் போய் நிண்டனான் காக்கா. பதில் வரேல்லை. சிறைக்காரன்ர மகள் எண்டு ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டுப்பட்டுப் போச்சு. கத்தீபு கேட்டார், வந்தது எண்டு சொல்லிப்போட்டன். உங்கட பதில் பிந்தியாவது வரும், வந்தால் சரியாப் போகும் எண்டு நினைச்சனான். மூண்டு வருஷமா ஒரு தொழுகையிலயும் மனம் நிக்கேல்லை" என்றான்.

அவன் கடிதம் எனக்கு வந்தது. இப்போது நான் சொல்வதைக் கேட்டால் நீ இந்தத் தாளைக் கீழே வைத்துவிடுவாய், வைத்துவிட்டுத் திரும்ப எடு. செல்வநாயகம் வாத்தியார் அதை எனக்கு வாசித்துக் காட்டினார், அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. மரியாதையான கடிதம்தான். ஆனால் அதில் ஓரிடத்தில், உங்கள் இடத்தில் நான் நின்று பிள்ளையைக் கொடுக்கிறேன், நீங்கள் யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரியில் எனக்குப் பற்றிக்கொண்டது. என் இடத்தில் அவனா. என் வீட்டில் அவன், என் வலையில் அவன், இப்போது என் மகளின் நிக்காஹ்ப் பாயிலும் என் இடத்தில் அவனா என்று. விரலடையாளம் வைக்க மாட்டேன் என்றேன். வாத்தியார் எவ்வளவோ சொன்னார், பிள்ளையின் வாழ்க்கையல்லவா என்றார். கடிதத்தை நார் நாராகக் கிழித்துத் தும்போடு சேர்த்துத் திரித்துவிட்டேன். என் பதில் இல்லாமல் கலியாணம் நடக்காது, நான் வெளியே வரும்வரை நீ காத்திருப்பாய் என்று என் புத்தி வேலை செய்தது. இரண்டு இடம் தட்டிப்போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைய கோபத்தில் வைத்திருப்பேனோ என்னவோ, சத்தியம் பண்ண மாட்டேன்.

கிணற்றடியில் இதை மஹ்மூதிடம் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கல்லில் உட்கார்ந்துவிட்டான். "நான் ஒரு பொய்யால, நீங்க ஒரு வீம்பால, ரெண்டு பேருமாச் சேர்ந்து அந்தப் பிள்ளையை எங்க கொண்டு போய் விட்டிருக்கிறம் காக்கா" என்றான். நான் திரும்பி வந்த பிறகு அவன் சொன்ன ஒரு சொல் என் மனதில் கசப்பில்லாமல் இறங்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து, பள்ளியில் வந்து தங்கியிருந்த, மார்க்கம் படித்த புத்தளத்து ஆலிம் ஒருவரிடம் போனோம். பிழை என்னுடையது என்று அவன் தொடங்க, இல்லை என்னுடையது என்று நான் தொடங்க, ஒருவர் ஒருவராகப் பேசுங்கள் என்று அவர் இரண்டு தரம் அதட்ட வேண்டியிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்கள் வஸீரின் பிள்ளைகள், அதில் ஒருவரும் நாக்கை நீட்ட இடமில்லை. நீயும் வஸீரும் அறியாமல் நடந்தது, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பேணுதலுக்காக நிக்காஹ்வை ஒரு முறை புதுப்பித்துக்கொள்வதுதான் நல்லது. பந்தல் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், ஊருக்குச் சொல்லவும் வேண்டாம், இரண்டு சாட்சியும் வாப்பாவின் வாயும் போதும், ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்றார். வாப்பா வர முடியாவிட்டால் முறையாக வக்காலத்து எழுதிக் கொடுத்து ஒருவரை அனுப்பலாம் என்றும் சொன்னார்.

மஹ்மூது உடனே, "நான் கருவாட்டோட கொழும்புக்குப் போறனான்தானே, அங்கால பதுளைக்குப் போட்டு வாறன், காக்கா எழுதித் தந்தால் காணும்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு மறுபடியும் அதே இடத்தில் பற்றிக்கொண்டது. இவ்வளவு நடந்த பிறகும் திருந்தாத மனிதனா என்று நீ கேட்பாய். இல்லை மகள், இன்னும் முழுதாகத் திருந்தவில்லை. உம்மாவும் அவனே போகட்டும் என்றாள், தோமஸிடம் ஓடிப் போய் ஒரு கிழமை லீவு கேட்டால் கிறிஸ்மஸ் வேலை குவிந்திருக்கிறது என்பார், கிடைத்த வேலையையும் விட்டால் மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள், மாதத்தில் இருமுறை பொலிசுக் கந்தோரில் போய் முகத்தைக் காட்டவும் வேண்டும், ஊரை விட்டுப் போக அவர்கள் விட மாட்டார்கள். ஆகவே மூன்று நாள் பேனையோடு இருந்து வக்காலத்துத் தாளை எழுதினேன். என் மகள் சரீபாவை வஸீருக்கு நிக்காஹ் செய்து கொடுக்க என் தம்பி மஹ்மூதுக்கு என் முழு மனதோடு பொறுப்புக் கொடுக்கிறேன் என்று எழுதி, என் கையெழுத்தும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முழு மனதோடு என்று எழுதியது முக்கால் பங்கு உண்மை.

ஆனால் நீ வந்தால் அந்தத் தாள் தேவைப்படாது. உனக்கு நாற்பது கழிந்துவிட்டது. நோன்புக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பொல்காவலையில் ரயில் மாறினால் மறுநாள் மன்னாரில் இறங்கலாம், ஸ்டேஷனுக்கு நான் வருவேன், நான் மட்டும் வருவேன் என்று சொல்ல ஆசைதான், சாச்சாவும் வரட்டும். மருமகனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்குமுன் நீயே வாயால் சொல், ஆண்பிள்ளை, தாளில் வாசித்தால் கோபம் வேறு மாதிரி வரும். அவர் என்னை ஏசினால் கேட்டுக்கொள், மறுத்துப் பேசாதே, அவர் ஏசுவது சரி. சாச்சாவை மட்டும் ஏச விடாதே. அவன் பொய் சொல்லியிருக்காவிட்டால் உனக்கு இந்த வாழ்வு இல்லை, நான் கொடுத்த வாழ்வு அல்ல இது. இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை மஹ்மூதுக்கும் சொல்லவில்லை, உம்மாவுக்கும் சொல்லவில்லை. நிக்காஹ்வைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆலிம் சொன்னாரே, அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை மகள். சந்தோஷம். என் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய தலையிடியைக் கொண்டுவந்துவிட்டோமே என்ற நினைவு பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, இன்னும் கொடுத்து முடியவில்லை, என் மூத்த மகளை இன்னும் ஒருவரும் கொடுத்து முடியவில்லை, அந்தப் பாய் எனக்காக விரித்தபடியே கிடக்கிறது என்ற சந்தோஷம். பள்ளி வாசலில் செருப்பைத் தேடும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம், மஹ்மூது என்னைத் திரும்பிப் பார்த்தான். இப்படிப்பட்ட வாப்பா வேண்டாம் என்று நீ நினைத்தால் சாச்சாவை வரச் சொல்லி எழுது, அவன் உடனே புறப்படுவான், நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். வரச் சொல்லி எழுதுமுன் ஒரு நாள் பொறுத்து யோசி.

உன் மடியும் மனதும் நிறைந்திருக்க, மருமகனுடைய தொழிலில் பறக்கத்து உண்டாக, பிள்ளைகள் இருவரும் நீண்ட ஆயுளோடு சாலிஹான பிள்ளைகளாக வளர வாப்பாவின் துஆ எப்போதும் உண்டு. சின்னதற்குக் காதை மூடித் தொப்பி போடு, மலைக் காற்று காது வழியாகத்தான் நெஞ்சுக்குப் போகும். உம்மா உனக்கு பனை ஒடியல் மாவும் பனம் பினாட்டும் கட்டி வைத்திருக்கிறாள். மறக்காமல், இந்த மாதம் முடியுமுன் ஒரு வரியாவது எழுது.

இப்படிக்கு,
உன்னை இன்னும் கைப்பிடித்துக் கொடுக்காத வாப்பா
மீ. அசனார்